இலையில்லை, வேரில்லை, குழாய் உண்டு

சாமல்பட்டியைச் சுற்றி எந்தக் கல்லை உடைத்தாலும் செடியின் சுவடு கிடைக்காது. கிரானைட் குவாரியில் எத்தனை அடி ஆழம் போனாலும் கிடைக்காது. ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையில், ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரின் பெயர் புவியியல் ஆய்விதழ்களில் அடிக்கடி அடிபடுவது உண்மைதான். ஆனால் அது வேறொரு காரணத்துக்காக. இங்கே கார்பனடைட் என்ற அபூர்வமான பாறை இருக்கிறது. பார்த்தால் சுண்ணாம்புக்கல், ஆனால் கடலடியில் படிந்தது அல்ல, பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக மேலேறி இறுகியது. ஜோகிப்பட்டிப் பக்கம் பேரியம் கலந்த பென்ஸ்டோனைட் என்ற அரிய கனிமமும் அதில் இருக்கிறது. இந்தப் பாறைக்கு வயது எழுபது, எண்பது கோடி ஆண்டுகள். அதைச் சுற்றிக் கிடக்கும் நைஸ் பாறைகளோ 250 கோடி ஆண்டுப் பழையவை. பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ‘பாரடைசோ’ என்ற வியாபாரப் பெயரில் லாரி ஏறும் வரிவரியான கல்லும் பாதி உருகி, நெளிந்து, மறுபடி இறுகிய பழைய பாறைதான்.

ஆகவே இரண்டு தடைகள். இந்தக் கற்கள் உருவான சூட்டில் எந்த உயிரின் உடலும் மிஞ்சாது. மிஞ்சக்கூடிய பாறையாக இருந்திருந்தாலும் பயனில்லை, அப்போது நிலத்தில் செடி என்ற ஒன்றே கிடையாது.

கல் பிளந்த முகத்தில் சில நேரம் பெரணி இலையின் வடிவில் கறுப்புக் கிளைகள் படர்ந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ‘செடி கல்லாகிவிட்டது’ என்று அதைப் பத்திரப்படுத்தி வைப்பவர்களும் உண்டு. அது டென்ட்ரைட். வெடிப்புக்குள் ஊறிய தண்ணீர் கொண்டுவந்து படியவிட்ட மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் கிளை பிரிந்து வளர்ந்ததால் வந்த கோலம். ஒரு நல்ல லென்ஸில் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். உள்ளே ஒரு செல்கூட இருக்காது. வெளி வடிவத்தை மட்டும் பார்த்துச் செடி என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது. பூமியின் முதல் செடிகளைப் பற்றிய நூற்றாண்டுச் சண்டைகளும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நடந்திருக்கின்றன: தண்டுக்குள் என்ன இருந்தது?

தமிழ்நாட்டில் கல்லான மரங்கள் இல்லாமல் இல்லை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஓர் அடிமரம் கல்லாகக் கிடக்கிறது. 1940-இல் அதை உலகுக்குச் சொன்னவர், பிற்பாடு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரான எம்.எஸ். கிருஷ்ணன். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் கல்மரங்கள் நிறைய. சாத்தனூர் மரத்துக்குச் சுமார் 12 கோடி வயது, திருவக்கரை மரங்களுக்குச் சுமார் 2 கோடி. செடிகளின் வரலாற்றில் இவையெல்லாம் நேற்று வந்தவை. தண்ணீர் கடத்தும் குழாயைத் தண்டுக்குள் வைத்துக்கொண்ட முதல் செடிகளைப் பார்க்க 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

அப்படிப் போக நமக்கிருக்கும் மிகத் தெளிவான கல், ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் ரைனி என்ற கிராமத்தில் கிடைத்தது. கண்டுபிடித்தவர் தொழில்முறைப் புவியியலாளர் அல்ல. எல்ஜின் நகரத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கல் பொறுக்கிய வில்லியம் மேக்கி என்ற மருத்துவர். 1912-இல் ரைனி வயல்களைச் சுற்றியிருந்த, காரை பூசாமல் அடுக்கிய கற்சுவர்களில் செர்ட் என்ற கடினமான சிலிக்காக் கல் துண்டுகளை அவர் கவனித்தார். அந்தக் கல் அங்கே பாறையாக வெளியே தலைகாட்டுவதே இல்லை. மண்ணுக்குள் படுகையாகக் கிடக்கிறது. உழவில் வெளிவந்த உருளைகளைத்தான் யாரோ விவசாயிகள் எடுத்துச் சுவரில் அடுக்கியிருந்தார்கள். படுகையைப் பார்க்க இன்றைக்கும் பள்ளம்தான் தோண்டியாக வேண்டும்.

மேக்கி அந்தக் கல்லை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தார். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் பிளேடு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை எளிதில் புரியும்: கல்லை அறுத்து, ஒரு முகத்தைப் பாலிஷ் செய்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மறுமுகத்தை ஒளி ஊடுருவும் மெல்லிசுக்குத் தேய்க்க வேண்டும். பட்டறையில் சென்டிமீட்டரில் நிற்கும் கனம் இங்கே ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னத்துக்கு இறங்கும். அந்தச் சீவலில் தண்டுகளின் குறுக்குவெட்டு வட்ட வட்டமாகத் தெரிந்தது. தோல், அதன் அடியில் புறணி, நடுவில் மெல்லிய ஒரு கற்றை. செல் சுவர்கள் அப்படியே நின்றிருந்தன.

மேக்கி தன் கற்களை விஷயம் தெரிந்தவர்களிடம் ஒப்படைத்தார். ஸ்டர்லிங்கைச் சேர்ந்த ராபர்ட் கிட்ஸ்டன், மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹென்றி லேங் ஆகிய இருவரும் 1917 முதல் 1921 வரை ஐந்து நீண்ட கட்டுரைகளில் இந்தச் செடிகளை விவரித்தார்கள். முதலில் விவரித்த பேரினத்துக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள்: ரைனியா. அதில் ஒரு சிற்றினத்துக்கு, கிட்ஸ்டனோடு பல ஆண்டுகள் பெரணிப் புதைபடிவங்களை ஆராய்ந்து 1915-இல் இறந்துபோன டேவிட் க்வின்-வான் நினைவாக ரைனியா க்வின்-வானி என்று பெயர்.

முதல் கட்டுரை வந்தபோது ஐரோப்பாவில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் கட்டுரைகள் பெரும் சலசலப்பை உண்டாக்கின. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1859-இலேயே கனடாவின் ஜான் வில்லியம் டாசன், காஸ்பே கரையோரப் பாறைகளில் கண்ட ஒரு செடியை சைலோஃபைட்டன் என்று விவரித்திருந்தார். இலை என்று சொல்ல எதுவுமில்லாத, இரண்டிரண்டாகக் கிளைக்கும் குச்சிகள். அந்தக் காலத்துத் தாவரவியலாளர்களுக்கு அது செடியாகவே படவில்லை. பெரணியின் காம்பா, வேரா, பாசியா என்று சந்தேகப்பட்டு ஓரங்கட்டினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் டாசன் சொன்னது எடுபடவில்லை. ரைனியாவின் செல்லையே கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் வரைந்த குச்சிச் செடிக்கு மரியாதை வந்தது.

ரைனியா எப்படி நின்றது? உயரம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு அல்லது கூட. 20 சென்டிமீட்டர் என்பது பொதுவான கணக்கு. தண்டின் தடிமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர். மண்ணோடு மண்ணாக ஒரு கிடைத் தண்டு ஊர்ந்து போகும். அதிலிருந்து மேல்நோக்கிக் குச்சிகள் எழும்பும். ஒவ்வொரு குச்சியும் இரண்டாகப் பிரியும், மறுபடி பிரியும். இலை கிடையாது. பூ, விதை என்ற பேச்சுக்கே இடமில்லை. வேரும் இல்லை, கிடைத் தண்டின் அடியில் மயிரிழை இழையாகச் சில நீட்சிகள் மட்டும். தண்டே பச்சையாக இருந்து உணவு தயாரித்தது. காற்று உள்ளே போய்வர அதன் தோலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஸ்டோமேட்டா துளைகள் இருந்தன. குச்சிகளின் நுனியில் சில மில்லிமீட்டர் நீளத்தில் ஸ்போர்ப்பைகள். அவை முதிர்ந்து வெடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஸ்போர்கள் காற்றில் பறக்கும்.

அந்த ஸ்போரிலிருந்து இதே ரைனியா முளைக்காது என்பதுதான் வேடிக்கை. பெரணிகளில் நடப்பதுபோல இங்கும் தலைமுறை மாறி மாறி வரும். ஸ்போர் முளைத்தால் ஆணணு, பெண்ணணு உண்டாக்கும் வேறொரு சின்னஞ்சிறு செடி வரும். அவை கூடினால்தான் மறுபடி ரைனியா. அந்தச் சின்னச் செடியையும் ரைனிக் கல்லிலேயே தேடிப் பிடித்துவிட்டார்கள். ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்தில் இந்தக் கல்லோடு வாழ்நாளைக் கழித்த வின்ஃபிரீட் ரெமியின் பெயரால் அதற்கு ரெமியோஃபைட்டன் என்று பெயர். 40 கோடி ஆண்டுப் பழைய செடியின் இரண்டு தலைமுறைகளையும் ஒரே கல்லில் பார்க்க முடிவது தொல்தாவரவியலில் மிக அரிது.

இவ்வளவும் எப்படி அழியாமல் நின்றது? அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. அமெரிக்காவின் எல்லோஸ்டோனில் இன்றைக்கும் பார்க்கக்கூடியது போன்ற, சிலிக்கா கரைந்த கொதிநீர் பொங்கும் நிலம். ஊற்று பெருகியபோதெல்லாம் சுற்றியிருந்த செடிகள் அந்த நீரில் மூழ்கின. நீர் ஆறியதும் சிலிக்கா பிரிந்து செல்லுக்குள் புகுந்து இறுகிற்று. சில செடிகள் நின்ற நிலையிலேயே கல்லாயின. அழுகுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. பாறையின் கதிரியக்கக் கணக்கு 40 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு அருகில் நிற்கிறது.

செடியோடு அதன் அண்டை அயலாரும் அகப்பட்டுக்கொண்டார்கள். இங்கேதான் ஓர் இந்தியப் பெயர் வருகிறது. சமரேந்திர மௌலிக், வங்காளத்திலிருந்து போய் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வண்டுகளை ஆராய்ந்தவர். ‘பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்’ வரிசையில் இலைவண்டுகளைப் பற்றிய தொகுதிகளை எழுதியவர். 1926-இல் அவரும் ஸ்டான்லி ஹர்ஸ்டும் சேர்ந்து ரைனிக் கல்லில் இருந்த ஓர் ஆறுகால் ஜீவனை விவரித்தார்கள். ரைனியெல்லா என்று பெயரிட்டார்கள். இன்றும் ஈரமண்ணிலும் மட்கிய இலையிலும் துள்ளித் திரியும் ஸ்பிரிங்டெயில் இனத்தின் மூதாதை அது. ஆறு கால் உயிர்களின் மிகப் பழைய புதைபடிவங்களில் ஒன்றாக அது இன்றைக்கும் எண்ணப்படுகிறது. தாவரவியல் படிக்கும் மாணவர்களுக்கு ரைனியா தெரிந்திருக்கும். அதே கல்லின் ஆறுகால் ஜீவனுக்குப் பெயர் வைத்ததில் ஓர் இந்தியருக்குப் பங்குண்டு என்பது பாடப்புத்தகத்தில் வராது.

பூஞ்சையும் இருந்தது. 1994-இல் ரெமியும் உடனிருந்தவர்களும் ரைனிச் செடி ஒன்றின் செல்களுக்குள் மரக்கிளை வடிவில் பரவியிருந்த பூஞ்சை இழைகளைக் காட்டினார்கள். மண்ணிலிருந்து பாஸ்பரஸ் போன்ற சத்தை உறிஞ்சித் தந்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் அந்த வேர்ப்பூஞ்சை உறவு இன்று பெரும்பாலான பயிர்களிலும் மரங்களிலும் இருக்கிறது. வேளாண் கடைகளில் ‘வேம்’ என்று பொட்டலம் போட்டு விற்பதும் இந்த வகைப் பூஞ்சையைத்தான். செடிக்கு வேர் முளைப்பதற்கு முன்பே அந்த உறவு ஏற்பட்டுவிட்டது.

இப்போது குழாய்க்கு வருவோம். கிருஷ்ணகிரி மாந்தோப்பில் நிற்கும் ஒரு மரம் பகல் முழுக்க இலை வழியாக நீரை ஆவியாக வெளியே விடுகிறது. வெளியேறும் நீர், பின்னால் இருக்கும் நீரை இழுக்கிறது. உச்சிக் கிளையிலிருந்து வேர்நுனி வரை தண்ணீர் அறுபடாமல் ஒரே இழையாக நிற்பதால் இந்த இழுப்பு அடிவரை எட்டுகிறது. கீழிருந்து யாரும் பம்ப் அடிப்பதில்லை, மேலிருந்து உறிஞ்சல்தான். உறிஞ்சும்போது குழாய்ச் சுவர் உள்ளே ஒடுங்கிவிடும் அபாயம் உண்டு. கிணற்று மோட்டாரின் உறிஞ்சு பக்கம் சாதாரண ஹோஸை மாட்டினால் சப்பிப் போய்விடும் என்றுதானே உள்ளே கம்பிச் சுருள் வைத்ததை வாங்குகிறோம். செடியும் அதையே செய்தது. நீர் கடத்தும் செல்களின் உட்சுவரில் வளையமாகவோ சுருளாகவோ தடிப்புகளை உண்டாக்கி, அதில் லிக்னின் என்ற கெட்டியான பொருளை ஏற்றியது. அந்தச் செல்லுக்கு டிரக்கீடு என்று பெயர். தடிப்பு ஏறிய டிரக்கீடு இருந்தால்தான் அது குழாய்த் தாவரம், தாவரவியல் பாஷையில் வாஸ்குலர் தாவரம். மாஸ் பாசிகள் இந்த ஏற்பாடு இல்லாதவை. அதனால்தான் அவற்றில் பெரும்பாலானவை விரற்கடை உயரத்தோடு நின்றுவிட்டன.

ரைனியா க்வின்-வானியின் தண்டு நடுவில் அந்த டிரக்கீடு இருக்கிறது. கற்றை மிக மெல்லியது, தண்டின் பெரும்பகுதி மெத்தென்ற புறணிதான். இருந்தாலும் சுவரில் தடிப்பு தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் கிட்ஸ்டனும் லேங்கும் ரைனியாவில் இரண்டு சிற்றினங்களைச் சேர்த்திருந்தார்கள். இரண்டாவதன் பெயர் ரைனியா மேஜர். தண்டு தடியானது, கிளைப்பு அதே மாதிரி, நடுவில் கற்றையும் உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு மேல் புத்தகங்களில் ரைனியாவின் படம் என்று அச்சானவற்றில் பல இதனுடையவைதான். 1986-இல் டேவிட் எட்வர்ட்ஸ் அதன் கற்றையை மறுபடி உற்றுப் பார்த்து, நீர் கடத்தும் செல்களில் டிரக்கீடுக்குரிய தடிப்பே இல்லை என்று காட்டினார். அந்தச் செல்கள் மாஸ் பாசியின் கடத்து செல்களை ஒத்திருந்தன. ஆகவே அது ரைனியா அல்ல. குழாய்த் தாவரமும் அல்ல. அக்லாவோஃபைட்டன் என்ற புதுப் பேரினத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருந்த இரண்டு செடிகளைப் பிரித்தது ஒரு செல் சுவரின் தடிப்பு. பூஞ்சை இழைகளை ரெமி காட்டியதும் இந்த அக்லாவோஃபைட்டனில்தான்.

இதே தடிப்பு இந்தியாவில் இன்னும் பெரிய குழப்பத்துக்குக் காரணமாயிற்று.

நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு என்று கேட்டு வாங்கும் பாறை உப்புக்குப் பேர்போன இடம் பஞ்சாபின் உப்பு மலைத்தொடர். இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. கேவ்ரா சுரங்கம் அதில்தான். அந்த உப்புப் படுகைக்கு மேலே, டிரைலோபைட் என்ற கடல் உயிரின் புதைபடிவம் கொண்ட கேம்பிரியன் காலப் பாறைகள் கிடக்கின்றன. மேலே இருப்பது 50 கோடி ஆண்டுப் பழையது என்றால் கீழே இருக்கும் உப்பு அதைவிடப் பழையதாகத்தானே இருக்க வேண்டும்? பெரும்பாலான புவியியலாளர்கள் அப்படித்தான் சொன்னார்கள். 1940களில் அதை மறுத்து எழுந்தவர் சாதாரண ஆள் அல்ல. இந்தியத் தொல்தாவரவியலின் தந்தை என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் பீர்பால் சாஹ்னி. கேம்பிரிட்ஜில் படித்தவர், லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர், 1936-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானவர். அவர் பிறந்த பேரா ஊரும் அந்த மலைத்தொடருக்கு வெகுதொலைவில் இல்லை.

சாஹ்னியும் அவருடைய சகாக்களும் உப்பையும் அதோடு கலந்த களிமண்ணையும் கரைத்துப் பார்த்தபோது மரத்துணுக்குகள், இலைத்தோல், பூச்சியின் துண்டு துணுக்குகள் வந்தன. மரத்துணுக்கில் டிரக்கீடு, இலைத்தோலில் பூக்கும் தாவரங்களின் அடையாளம். கேம்பிரியனில் மரமும் பூவும் ஏது? எனவே உப்பு ஈயோசீன் காலத்தது, ஐந்து கோடி ஆண்டு வயதுதான். நிலம் பிளந்து நகர்ந்ததில் பழைய பாறை அதன் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது என்று வாதிட்டார். இதற்கென்றே அறிஞர் கூட்டங்கள் நடந்தன. அந்த மலைகளை ஆண்டுக்கணக்கில் நடந்து அளந்த இ.ஆர். கீ போன்ற களப் புவியியலாளர்கள் ஒரு பக்கம், நுண்ணோக்கியை நம்பியவர்கள் மறுபக்கம்.

கல்கத்தாவிலிருந்து ஏ.கே. கோஷ், ஏ. போஸ் இருவரும் இதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். கேம்பிரியன் என்று யாருக்கும் சந்தேகமில்லாத பாறைகளிலேயே ஸ்போரும் டிரக்கீடும் கிடைக்கின்றன; ஆகவே பாறையின் வயதை மாற்ற வேண்டாம், குழாய்த் தாவரங்கள் பிறந்த தேதியைப் பின்னுக்குத் தள்ளுங்கள் என்றார்கள். 1953-இல் கே. ஜேக்கப், சி. ஜேக்கப், ஆர்.என். ஸ்ரீவஸ்தவா மூவரும் விந்தியப் பாறைகளிலிருந்தே டிரக்கீடு கிடைத்ததாக ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். விந்தியப் படுகைகளின் அடிப்பகுதி 160 கோடி ஆண்டுப் பழையது என்பது இப்போதைய கணக்கு. பெல்ஜியத்தின் சுசான் லெக்லர்க் போன்ற பேர்பெற்ற தொல்தாவரவியலாளரே 1956-இல் இந்தக் கேம்பிரியன் சான்றுகளைப் பொருட்படுத்தி எழுதினார். சில ஆண்டுகள், உலகின் முதல் குழாய்த் தாவரங்கள் இந்தியாவில் தோன்றியவை என்று சொல்லிக்கொள்ள முடிகிற நிலை இருந்தது.

சாஹ்னி கட்சியும் கோஷ்–போஸ் கட்சியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதைக் கவனிக்க வேண்டும். துணுக்குகள் அந்தப் பாறைக்கே சொந்தமானவை என்று இருவரும் நம்பினார்கள். அங்கேதான் சறுக்கல். உப்பு கரையும், மறுபடி உறையும். வெடிப்பு வழியாக மழைநீர் எதையும் உள்ளே கொண்டுபோகும். சோதனைக்கூடக் காற்றிலேயே மகரந்தமும் மரத்தூளும் மிதக்கும். ஒரு முழுச் செடியின் வடிவம் கிடைத்திருந்தால் பேச்சு வேறு. கிடைத்தவை எல்லாம் உதிரித் துகள்கள். துகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எப்போது உள்ளே வந்தது என்று அதன் மேல் எழுதியிருக்காது. அமெரிக்காவின் ஹார்லன் பேங்க்ஸ் போன்றவர்கள் இப்படிப்பட்ட பழைய சான்றுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார்கள். உப்பு மலைத்தொடரின் உப்பு கேம்பிரியனின் தொடக்கத்தையோ அதற்குச் சற்று முன்னையோ சேர்ந்தது என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவு. சாஹ்னியைக் கவனக்குறைவானவர் என்று சொல்லிவிட முடியாது. கலப்படத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று மாதிரிகளைச் சுத்தம் செய்தவர்தான் அவர். அவருக்கு எதிராக நின்றது உப்பின் இயல்பு. தீர்ப்பு வருமுன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். லக்னோவில் அவர் தொடங்கிய நிறுவனத்தின் கட்டடத்துக்குப் புதைபடிவங்கள் பதித்த அடிக்கல்லை 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி நேரு நாட்டினார். அடுத்த வாரமே மாரடைப்பில் சாஹ்னி இறந்தார். மனைவி சாவித்திரி சாஹ்னிதான் நிறுவனத்தை நிலைநிறுத்தினார்.

அப்படியானால் உண்மையான ரைனியாக் காலத்துப் பாறை இந்தியாவில் எங்கே? தென்னிந்தியாவில் தேடிப் பயனில்லை. தீபகற்பத்தில் அந்தக் காலத்துப் படிவுப் பாறையே இல்லாமல் நீண்ட ஒரு வெற்றிடம். மீண்டும் ஏடு தொடங்குவது ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலக்கரி தந்த கோண்டுவானாப் படுகைகளோடு. இமயத்துக்குத்தான் போக வேண்டும். இமாச்சலத்தின் ஸ்பிதியில், பின் பள்ளத்தாக்கில் முத் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய வெள்ளை முத் குவார்ட்சைட், ஒரு காலத்தில் கடற்கரை மணல். அதில் நண்டு தேள் வகையறாக்களுக்கு உறவான பல கால் உயிர்கள் நடந்த தடங்கள் இருப்பதை எரிக் டிராகனிட்ஸ் குழுவினர் 2001-இல் விவரித்தார்கள். ஏறக்குறைய ரைனி ஊற்றுகள் பொங்கிய அதே காலம். கரையேறி நடந்த உயிர்களின் சுவடு இந்தியாவில் கிடைத்துவிட்டது.

ரைனியாவை உயிரோடு பார்க்க ஆசைப்பட்டவர்கள் ஒரு காலத்தில் சைலோட்டத்தைக் கைகாட்டினார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் பாறை இடுக்கிலும் மரத்தின் பொந்திலும் துடைப்பக் குச்சிகளாக வளரும் பச்சைச் செடி. இலையில்லை என்றே சொல்லலாம், செதில்கள்தான். வேர் இல்லவே இல்லை. தண்டு இரண்டிரண்டாகக் கிளைக்கும். பூஞ்சையின் துணையோடுதான் பிழைப்பு. நியூ கலிடோனியாவில் வளரும் அதன் நெருங்கிய உறவான டிமெசிப்டெரிஸைச் சாஹ்னியே 1925-இல் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்த இரண்டும் ரைனியாக் குடும்பத்தின் கடைசி வாரிசுகள் என்ற எண்ணம் வெகுகாலம் நிலவியது. டி.என்.ஏ. அதைக் கலைத்துவிட்டது. 2001-இல் கேத்லீன் பிரையரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு சைலோட்டத்தைப் பெரணிகளின் கூட்டத்தில், நாக்குப் பெரணி என்னும் ஒஃபியோகிளாசம் பக்கத்தில் வைத்தது. ரைனியாவின் எளிமை ஆதியில் இருந்தது. சைலோட்டத்தின் எளிமையோ, முன்னோரிடம் இருந்த இலையையும் வேரையும் இழந்ததால் வந்தது. ஆனாலும் தாவரவியல் செய்முறை வகுப்புக்கு சைலோட்டம் வசதியான செடி. ரைனியா கண்ணாடிச் சிலைடில் மட்டும்தான் கிடைக்கும்.

ரைனியாவுக்கும் முந்தையது குக்சோனியா. ஆஸ்திரேலியத் தொல்தாவரவியலாளர் இசபெல் குக்சனின் பெயரை, வேல்ஸ் எல்லைப் பக்கம் பெர்ட்டன் குவாரியில் கிடைத்த செடிக்கு 1937-இல் சூட்டியவர் அதே லேங். சில சென்டிமீட்டர் உயரம், கவட்டைக் கிளைகள், நுனியில் புனல் வாய் வடிவத்தில் ஸ்போர்ப்பை, அவ்வளவுதான். ஆனால் ரைனியாவுக்குக் கிடைத்த வெந்நீர் அதிர்ஷ்டம் இதற்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் கல்லில் பதிந்த கறுப்புக் கோடுகளாகவே வருகிறது. குழாய்த் தாவரமா இல்லையா என்பது 55 ஆண்டுகள் ஊகமாகவே கிடந்தது. 1992-இல்தான் கார்டிஃபின் டையான் எட்வர்ட்ஸ், கரியாகிப்போன ஒரு தண்டுத்துண்டுக்குள் தடிப்பேறிய டிரக்கீடுகளைக் காட்டினார். அதுவும் ரைனியாவின் காலமான டெவோனியனைச் சேர்ந்த மாதிரி ஒன்றில். அதைவிடப் பழைய குக்சோனியாக்களுக்கு அந்தச் சான்று நீளவில்லை. 2008-இல் கெவின் பாய்ஸ் வேறொரு கேள்வியைக் கிளப்பினார்: சில குக்சோனியாத் தண்டுகள் அவ்வளவு மெல்லியவை, நீர் கடத்தும் பகுதியும் தோலும் போக உணவு தயாரிக்கும் திசுவுக்கு அங்கே இடமே இருந்திருக்காது, அப்படியானால் அவை தாய்ச்செடியை ஒட்டிப் பிழைத்த வெறும் ஸ்போர்க் காம்புகளாக இருக்கலாமே?

இதற்குப் பதில் சொல்லும் மாதிரி ஒன்று பிராகின் தேசிய அருங்காட்சியகத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோவாகிம் பராண்ட் சேர்த்த தொகுப்பில் கிடந்தது. 2018-இல் மிலான் லிபெர்ட்டீன் குழுவினர் அதை எடுத்துப் படித்து குக்சோனியா பராண்டெய் என்று பெயரிட்டார்கள். வயது 43 கோடியே 20 லட்சம் ஆண்டுகள். கண்ணுக்குத் தெரியும் அளவில் கிடைத்த நிலத்தாவரப் புதைபடிவங்களில் மிகப் பழையவற்றில் இது ஒன்று. அதன் தண்டு தடியானது. தானே பச்சையாக இருந்து தன் உணவைத் தானே செய்திருக்க முடியும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பாய்ஸின் கேள்விக்கு, குறைந்தது இந்த ஒரு செடியைப் பொறுத்தவரை, பதில் கிடைத்துவிட்டது. குழாயைப் பற்றிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த மாதிரியில் தண்டின் வடிவம் இருக்கிறது, உள்ளே இருந்த செல்கள் இல்லை.